மலர்க்கொடி என்கிற காத்தாயி

சமூகவியல் துறையின் கருத்தரங்க அறையில், மேடைமேல் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் முத்துராஜனுக்கு, இரண்டாவது வரிசையில் தன் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கிழவி தன் கூடப்பிறந்த அக்கா காத்தாயிதான் என்று தெரிவதற்கு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிற நேரம்கூடப் பிடிக்கவில்லை. திருகிய மூடியைத் திரும்பவும் இறுக்கி மூடினார். இல்லை, அவளாக இருக்காது, கரும்புக் கொல்லையில் காய்ந்த பெண்களுக்கெல்லாம் வயது ஏறினால் ஒரே முகம்தான் என்று ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். சமூகவியல் பேராசிரியர் சொல்லிக்கொள்கிற சமாதானமா அது! கிழவி புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு கைகளையும் முழங்கைவரை மூடிக்கொண்டாள். கரும்புச் சோகை கிழித்த தழும்பு நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு ரோஷம் உண்டு. சமாதானம் அதோடு போயிற்று. சந்தன நிறச் சட்டையின் காலருக்குள் வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மைக்கின் முன்னால் அவருடைய ஆய்வு மாணவி நிறைமதி, நெற்றியில் பொட்டு சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அனைவருக்கும் வணக்கம்" என்றாள். இன்றைக்கு அவளுக்குப் பொது வாய்மொழித் தேர்வு. முடிந்தால் முனைவர் பட்டம். தாளை ஒட்டித் தைத்த ஐந்து வருஷ உழைப்பு, ஒரு பிற்பகலில் கைதட்டலோடு முடிகிற சடங்கு, அப்புறம் வராந்தாவில் பிரியாணி. அந்த வாசனை இப்போதே கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

யாரைக் கேட்டுக்கொண்டு இந்தப் பெண், ஆய்வுக்குத் தகவல் சொன்ன ஊர்க்காரர்களையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிவந்தாள்? "சார், ஒரு சர்ப்ரைஸ்" என்று காலையில் வந்து பல்லைக் காட்டியபோதே கேட்டிருக்க வேண்டும். ஏதோ பொன்னாடை என்று நினைத்தார். ஆய்வேட்டில் ஒருவர் பெயரும் உண்மைப் பெயராக இருக்கக்கூடாது, தகவல் சொன்னவர்களின் அடையாளத்தைக் காப்பது ஆய்வாளரின் முதல் தர்மம் என்று அவர்தான் அவளுக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவளும் ஊருக்குப் புனைபெயர், தெருவுக்குப் புனைபெயர், கிணற்றுக்குக்கூடப் புனைபெயர் வைத்தாள். பெயரையெல்லாம் அப்படிப் பூட்டி வைத்துவிட்டு, முகத்தை மட்டும் வேனில் ஏற்றி, ஊரே பார்க்கிற சபையில், மெத்தை வைத்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறாள். மரியாதை செய்கிறாளாம். படித்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும், நல்ல மனசோடு, கண் கலங்க. அவளைக் குறை சொல்லி என்ன? வாகையேந்தல் என்ற ஊரை அவள் தேடிப் போகவில்லை. சீட்டு எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, அவருடைய அறையில், அவர் கையாலேயே குலுக்கி எடுத்தது. அதுதான் முறை, ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு நுழையக்கூடாது. சீட்டைப் பிரித்தபோது அவர் பிறந்த ஊரின் பெயர் கண்ணுக்கு நேரே இருந்தது, இன்னொரு தடவை குலுக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது, ஏன் சார் என்று அவள் கேட்டால்? ஏன் என்பதற்குப் பதில் சொல்லாமல்தானே அவர் இத்தனை வருஷமாக மனிதராக நடமாடுகிறார். "நல்ல ஊர், போய் வா" என்றார். காலனி பெரிசு, அவள் நம் வீட்டுப் பக்கமே போகாமல் இருக்கலாம். போனாள். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டு எழுதி வந்தாள். நாலாவது அத்தியாயத்தில் மலர்க்கொடி என்று ஒருத்தி வந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தம்பி படிப்பதற்காகக் கரும்பு வெட்டப் போனவள். அதைப் படித்த அன்றைக்கு அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காத்தாயிக்கு மலர்க்கொடி என்று பெயர்! வீட்டில் அம்மா கூப்பிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும், ஏ காத்தா, காத்தா என்று. சிரித்து முடித்ததும், உணர்ச்சி அதிகமாக இருக்கிறது, சுருக்கு என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார். அவள் ஒரு வரியைத்தான் எடுத்தாள். புறத்தேர்வாளர் சாரநாதன் தன் அறிக்கையில் அந்த அத்தியாயத்தைத்தான் பிரமாதம் என்று எழுதினார்.

அந்தச் சாரநாதன் இப்போது அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு மாநிலத்திலிருந்து விமானத்தில் வந்தவர், துடைக்கிற துணிக்கே ஒரு தனி உறை வைத்திருக்கிற ஆள். நிறைமதி பேசிக்கொண்டே போனாள். கல்வி சமூகத்தை ஒன்றாகக் கட்டுகிறது, திறமையுள்ளவனை அடையாளம் கண்டு மேலே அனுப்புகிறது, பிறப்பால் வந்ததைக் கழுவிவிடுகிறது என்பது செயல்பாட்டுக் கொள்கை. என்னுடைய நெறியாளரின் பாடப்புத்தகத்தில் இது மிகத் தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது, என்று அவர் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். அவரும் தலையசைத்தார். மோதல் கொள்கையோ, பள்ளிக்கூடம் பழைய ஏற்றத்தாழ்வையே புதுச் சட்டை போட்டு அனுப்புகிறது என்கிறது. இரண்டு தரப்புமே படித்தவனை மட்டுமே எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டன, என் ஆய்வு படித்தவனுக்காகப் படிப்பை விட்டவளிடம் போய்க் கேட்டது, என்றாள். ஒரு வீட்டில் ஒருவன் ஏறியபோது இன்னொருத்தி கீழே நின்று தாங்கினாள், ஏறியவனைப் பற்றிப் புள்ளிவிவரம் உண்டு, தாங்கியவளைப் பற்றி இல்லை. நன்றாகத்தான் பேசினாள், சனியன், அவர் சொல்லிக்கொடுத்த இடத்தில் நிறுத்தி, சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு வாங்கி. கடைசி வரிசையில் அவளுடைய அம்மா, பெண்ணுக்கென்று எடுத்த புதுச் சேலையைத் தானே கட்டிக்கொண்டு வந்தவள்போலக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு முடிந்தால் போதும் சார், அரசுக் கல்லூரி இன்டர்வியூ அடுத்த வாரம், இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிடும், என்று போன மாதம் நிறைமதி அவர் அறை வாசலில் நின்று சொன்னாள். முடிச்சிடலாம்மா, நான் இருக்கேன், என்றார். நான் இருக்கேன். என்ன தைரியம்! இருக்கிறவன் யார்? முத்துராஜன் என்பதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட பெயர். முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தங்காமல் போனதால், எமன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று மூன்றாவது பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. இதெல்லாம் ஒரு பேராய்யா என்று வாத்தியார் சிரித்துவிட்டு எழுதினார். கையைப் பிடித்துக் கூட்டிப்போன அக்கா, அவன் பெயரைப் பலகையில் அவனுக்கு முன்னால் எழுதிக் காட்டினாள். அவளுக்குத்தான் கணக்கு வரும். அவனுக்கு வகுத்தல் வராது. கொல்லையிலிருந்து வந்து, கையெல்லாம் கீறலோடு, மண்ணெண்ணெய் விளக்கில் அவனுடைய வகுத்தலைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சோறு தின்பாள். வாத்தியார் ஒருநாள் அப்பாவிடம், ரெண்டு பேரையும் ஹாஸ்டலுக்கு அனுப்பு, பொண்ணுதான் கெட்டி, என்றார். அப்பா, ஒருத்தர அனுப்பறேன் சாமி, என்றார். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

அவருடைய கண் திரும்பத் திரும்ப இரண்டாவது வரிசைக்கே போயிற்று, சொத்தைப் பல்லுக்கு நாக்குப் போகிற மாதிரி. சியாமளா பேசிக்கொண்டிருந்தாள்! மனைவி என்று வாய்த்தவளுக்குப் பக்கத்தில் ஒரு தூணை நிறுத்தினாலும் அதோடு பேசிவிடுவாள். நெறியாளரின் மனைவி தேர்வுக்கு வருவதும், முடிந்ததும் ஆய்வு மாணவி பட்டுப்புடவை வைத்துக் காலில் விழுவதும் இந்தத் துறையில் வழக்கம், அந்த வழக்கத்தை ஒரு வருஷமும் சியாமளா தவறவிட்டதில்லை. குனிந்து கிழவியின் காதருகே என்னவோ கேட்கிறாள். எந்த ஊரும்மா என்று கேட்டிருப்பாள். கிழவி வாயைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். எத்தனை பிள்ளைங்க? கூடப்பிறந்தவங்க? ஏன் கேட்கிறாள், இவளுக்கு என்ன ஆராய்ச்சி! சியாமளாவைக் கட்டும்போது அவர் சொன்னது ஒரே வரி, எனக்கு யாரும் இல்லை, விடுதியில் வளர்ந்தேன். சாதி கேட்டார்கள். வேலூர்ப் பக்கம், நம்ம ஆளுங்கதான் என்று அவருடைய அப்போதைய துறைத்தலைவர் யூகமாகச் சொன்னார், அவர் மறுக்கவில்லை. அவர் வாயால் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று இன்றைக்கும் தன்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. அம்மா செத்த செய்தி துறை அலுவலகத்துக்குப் போனில் வந்தது, வாகையேந்தல்லேந்து யாரோ, உங்க மாணவி ஆராய்ச்சிக்குப் போற ஊரா சார், என்று குமாஸ்தா கேட்டான், ஆமா, என்று சொல்லிவிட்டுக் கருத்தரங்கத்துக்குப் போய்க் கட்டுரை வாசித்தார். தலைப்பு சமூக நகர்வு. கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வர்ஷினிக்கு நிச்சயதார்த்தம், சியாமளாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பார்த்த இடம், குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்த இடம். ஒருவர் விரலை நீட்டி, இவன் என் தம்பி என்றால் போதும். கல்யாணம் நிற்கும், அது இருக்கட்டும், சியாமளா என்ன செய்வாள்? சத்தம் போடமாட்டாள். தட்டைத் தனியாக எடுத்து வைப்பாள். இப்போது சியாமளா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி, கிழவிக்குக் காட்டினாள். வர்ஷினியின் போட்டோ. பட்டமளிப்பு அங்கி போட்டது, அவரும் பக்கத்தில் நிற்பது. கிழவி போனைக் கையில் வாங்கவில்லை, தொட்டால் அழுக்காகும் என்பதுபோலக் கைகளைத் தலைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். பார்வை அவர்மேல் விழவில்லை, அவருக்குமேலே, சுவரில் தொங்கிய பேனரில் விழுந்தது, அதில் அவருடைய பெரிய படமும் பட்டங்களும் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்! உதடு அசைகிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தானே, அதிலும் வகுப்பில் முதல். படிக்காதவளாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் கல்வியின் நன்மை தீமைகள் என்று ஒரு தலைப்பும் கூடவே வந்தது, அவருடைய மூளை அப்படிப் பழகிவிட்டது.

கேள்வி நேரம். சாரநாதன் தொண்டையைச் செருமினார். முதலில் முறையியல் பற்றி இரண்டு கேள்வி, நிறைமதி சமாளித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க தீஸிஸோட உயிர் அந்த மலர்க்கொடி கேஸ்தான். இவங்கள்ல அவங்க வந்திருக்காங்களா?" என்றார். வேண்டாம், சொல்லாதே, என்று முத்துராஜன் மனசுக்குள் கத்தியது வெளியே ஒரு சின்ன இருமலாக வந்தது. நிறைமதி பெருமையோடு கையை நீட்டினாள். "வந்திருக்காங்க சார். இதோ, இந்த அம்மாதான்." சபை திரும்பிப் பார்த்தது. சியாமளா, ஓ நீங்களா என்பதுபோல இடம்விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். "வெரி குட். அம்மா, எழுந்து நில்லுங்க, பயப்படாதீங்க. உங்க தம்பி இப்ப எங்க இருக்கார், என்ன பண்றார்? அது தீஸிஸ்ல இல்லையே, அதுதானே முக்கியம்!" என்றார் சாரநாதன். யாரோ ஒரு மாணவன் ஓடிப்போய் மைக்கைக் கிழவியின் வாய்க்கு நேரே பிடித்தான். அவள் எழுந்து நின்றாள். குள்ளமாகிவிட்டாள், முன்பெல்லாம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை தாண்டுவாள், அப்போது அவள் தலைக்குமேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்பா அடித்தாலும் நடந்ததைத்தான் சொல்வாள், அதற்காகவே இன்னும் இரண்டு அடி வாங்குவாள். சொல்லப்போகிறாள். அங்க உக்காந்திருக்கானே, அவன்தான், என்று கையை நீட்டப்போகிறாள். நான்தான் அது என்று இவரே முந்திச் சொல்லிவிட்டால்? அந்த நினைப்பு ஒரு நொடி ருசியாகத்தான் இருந்தது. எழுந்து மைக்கை வாங்கி, கனத்த குரலில், இந்தத் தம்பி நான்தான் என்றால் சபை மூச்சை நிறுத்தும், நிறைமதி அழுவாள், பட்டம் உறுதி, சாரநாதன் எழுந்து கையைக் குலுக்குவார், நாளைக்குச் செய்தித்தாளில் வரலாம். மூன்றே சொல். நாக்கின்மேல் வைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை என்று இன்னொரு சொல் வந்து அதை விழுங்கியது. தட்டைத் தனியாக எடுத்து வைப்பாள். அவர் தன் முன்னாலிருந்த மைக்கை இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம், சாரநாதன் சார்," என்றார். வகுப்பில் பேசுகிற அதே குரல் வந்தது, அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "நெறியாளர் என்கிற முறையில் நானே கேட்கிறேன். அம்மா, இந்தப் பொண்ணு உங்களைப் பத்தி எழுதியிருக்கா. உங்களுக்கு ஒரு தம்பி, அவரைப் படிக்க வச்சீங்க, அவர் உங்களை விட்டுட்டுப் போயிட்டார்னு. சில சமயம் ஒருத்தர் பாசமா வந்து பேசும்போது, நாமளும் அவங்க மனசு கோணாம ஏதாவது சொல்லிடுவோம். அப்படிச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் தப்பில்லை. யாரும் உங்களைக் கோவிச்சுக்க மாட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது நிஜந்தானா?" முப்பது வருஷத்துக்குமேல் கழித்து அவர் அவளிடம் பேசிய பேச்சு இது. அம்மா என்றார். வாங்க, போங்க என்றார். கேள்விக்குள்ளேயே பதிலையும் மடித்துக் கையில் கொடுத்தார், மக்குப் பையனுக்கு வாத்தியார் உதவுகிற மாதிரி. காத்தாயி தலையை நிமிர்த்தி முதல் தடவையாக அவரை நேரே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும், அழுகை இருக்கும், குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஒன்றும் இல்லை. அவனுக்கு வகுத்தல் வராதபோது பலகையை வாங்கிக்கொள்வாளே, கொடு இங்கே என்று, அந்த அவசரம்தான் இருந்தது. "எனக்குத் தம்பின்னு ஒருத்தரும் கெடையாதுங்க," என்றாள். மைக்கில் குரல் பெரிசாகக் கேட்டது. "எங்கூட்டுல நா ஒருத்திதான் தங்கனேன். இந்தப் பொண்ணு வந்து கேட்டுக்கினே இருந்துது, நானும் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். பொண்ணு மேல தப்பு இல்லீங்க." அறையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"ஏம்மா இப்படிச் சொல்றீங்க?" என்றாள் நிறைமதி. மைக்கை மறந்துவிட்டாள். "அன்னிக்கு அழுதுகிட்டே சொன்னீங்களே! அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு சொன்னீங்களே!" காத்தாயி, "அழுதேன்மா. அழறதுக்கா காரணம் இல்ல நமக்கு," என்றாள். நிறைமதி மேடைப் பக்கம் திரும்பினாள். "சார், என்கிட்ட ஆடியோ இருக்கு. போன்லயே இருக்கு. இப்பவே போட்டுக் காட்டறேன் சார்." முத்துராஜன் அந்தப் போனைப் பார்த்தார். அதில் பெயர் இருக்கலாம். மண்ணாங்கட்டி என்று அவள் குரலில் இந்த ஹால் முழுக்கக் கேட்கலாம். ஆனால் பயம் முழுசாக ஏறுவதற்குள் அவருடைய படிப்பு அவருக்குக் கைகொடுத்தது. "பேசினவங்க சம்மதம் இல்லாம அதைச் சபையில போடக்கூடாது, நிறைமதி. ஆய்வு நெறி என்னன்னு உனக்கு நான் சொல்லிக்கொடுக்கலையா? அவங்களையே கேளு." நிறைமதி வாய் திறக்குமுன் காத்தாயியே சொன்னாள், "வேணாம்மா, போடாத." சாரநாதன் உறையிலிருந்து துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு வருத்தம்தான், ஏமாந்துபோன மனிதரின் வருத்தம். "மிஸ் நிறைமதி, ஒரு முழு சாப்டர், உங்க முடிவுரை, எல்லாம் இவங்க மேல நிக்குது. இவங்களே இல்லைன்னு சொல்றப்ப நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? மத்த கேஸ் எல்லாம் எப்படி நம்பறது? மறுபடி ஃபீல்டுக்குப் போய் சரிபார்த்து, திருத்திக் கொடுங்க. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகட்டும்." பிறகு முத்துராஜனிடம் தணிந்த குரலில், "சாரி, உங்க ஸ்டூடண்ட். வேற வழியில்லை," என்றார். முத்துராஜன் பெருந்தன்மையோடு கையை விரித்தார். ஒரு வருஷம். வயது தாண்டிவிடும். பாவம்தான் என்று நினைத்தார், உண்மையாகவே நினைத்தார், அவருடைய கண் ஓரத்தில் ஈரம்கூட வந்தது. அந்த ஈரத்தோடு இன்னொன்றும் தெரிந்தது, அவருக்குப் பசித்தது. காலையிலிருந்து இல்லாத பசி, நல்ல கொழுத்த பசி. காலருக்குள் வியர்வை காய்ந்து குளிர்ந்தது. அந்தச் சின்னப்பெண் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள், அடையாளம் காக்கிற விஷயத்தில் அலட்சியம், எத்தனை தடவை சொன்னேன் என்று ஒரு நியாயம் தானாகவே கட்டிக்கொண்டு எழுந்தது, அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. முடிவை அறிவிப்பது நெறியாளரின் வேலை. எழுந்து நின்று, ஆய்வேடு திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது என்று, எந்த எழுத்தும் நசுங்காமல் வாசித்தார். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள். கடைசி வரிசையில் நிறைமதியின் அம்மா, என்ன சொன்னாங்க, குடுத்துட்டாங்களா, என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக்கிய சோற்றை என்ன செய்வது? சாப்பிட்டார்கள். வராந்தாவில் மேஜை போட்டு, வாழையிலை விரித்து, துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி தணிந்த குரலில் பேசிக்கொண்டு, ஆனால் இரண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நிறைமதி தானே நின்று பரிமாறினாள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழவில்லை. அவருடைய இலைக்கு வந்தபோது, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சார்?" என்றாள், அவர் "போதும்மா" என்றார், அவள் அகப்பையைப் பிடித்தபடி ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்தாள். எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற பார்வை. விடை வருமுன் யாரோ தண்ணீர் கேட்டார்கள், போய்விட்டாள். வாகையேந்தல்காரர்கள் சாப்பிட உட்காரவில்லை, பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். வேன் ஏறப் போகிற வழியில் காத்தாயி அவர் மேஜையைத் தாண்ட வேண்டியிருந்தது. நின்றாள். தலைப்புக்குள்ளிருந்து கைகளை எடுத்துக் கும்பிட்டாள், தழும்பெல்லாம் தெரிந்தது. "வரங்க சார்," என்றாள். பிறகு சியாமளாவிடம், "வரம்மா. கொழந்தைக்கு நல்லபடியா நடக்கும்," என்றாள். அவர் வாயில் சோறு இருந்தது, தலையை மட்டும் ஆட்டினார். அக்கா என்கிற சொல் எங்கேயாவது தொண்டையில் சிக்கும், இறங்காமல் நிற்கும், தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும் என்று காத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சோறு இறங்கியது. வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது, வராந்தாவில் புகை வாடை வந்து பிரியாணி வாடையோடு கலந்து போயிற்று.

சியாமளாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. பட்டுப்புடவை கிடைக்காத எரிச்சல் ஒரு பக்கம் இருக்கும், ஆனால் அந்தப் பெண்ணுக்காகவும் உண்மையாகவே வருந்தினாள், அவள் கெட்டவள் இல்லை. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பார்க்க முடியலைங்க," என்றாள் இலையை மடித்துக்கொண்டே. "பக்கத்துல உக்காந்து எவ்வளவு நல்லாப் பேசிட்டிருந்தா அந்தக் கிழவி! நம்ம வர்ஷினி போட்டோவப் பார்த்து கண்ணுல தண்ணி விட்டா. நானும் எப்படி உருகிப்போனேன் தெரியுமா? கடைசியில இவ்வளவு பெரிய சபையில நின்னு, இல்லாத தம்பிய உண்டாக்கிச் சொன்னேன்னு சொல்றா. ஒரு பொண்ணோட வாழ்க்கையே போச்சு. எப்படிங்க இந்த ஜனங்களுக்கு வாய் கூசாமப் பொய் வருது?" முத்துராஜன் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, கைகழுவ எழுந்தார்.

"படிப்பு இல்லையே, சியாமளா," என்றார்.